வினோத்ராஜ் பெயரில் ஒரு டியூப் ரத்தம்

உத்தமபாளையம்
28.1.2025

அன்புள்ள மதினிக்கு,

சிம்ரன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்துவிடாதீர்கள், உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்ட அதே சிம்ரன்தான். போன பங்குனியில் நீங்கள் கோயில் வாசலில் போட்ட சண்டைக்குப் பிறகு உங்கள் நம்பரை என் போனிலிருந்தும் அழித்துவிட்டார். அக்காவோடு இந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது என்பது உத்தரவு. எழுதக் கூடாது என்று சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. உங்கள் ஹைதராபாத் விலாசம் பழைய பார்சல் அட்டையில் இருந்தது.

உங்கள் மேல் கோபம் இல்லாமல் இல்லை. நீங்கள் சொன்னது சரியாகவே இருக்கட்டும். அதற்காகப் பங்காளிகள் எல்லாரும் கூடி நிற்கும்போது, சாமியாடி முடித்து வேர்வையோடு உட்கார்ந்திருந்த மனுஷனின் காலைப் பிடித்துக் காட்டி, "இது சிலம்பாயி வச்ச தடம் இல்ல, கொழுப்பு. மாத்திரை தின்னா தேஞ்சு போயிரும்" என்று சொல்வதா? அன்றைக்கு உங்கள் தம்பி முகம் போன போக்கை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நானும் ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறவள். குதிகாலுக்கு மேலே தசைநாரில் தடித்து நிற்கும் அந்த முண்டு என்னவென்று எனக்கும் தெரியும். உங்கள் வகையறாவில் அந்தத் தடம் இருப்பவர் காலில்தான் குலதெய்வம் சிலம்பாயியின் சிலம்பைக் கட்டுவார்கள். அப்படிக் கட்டியவர்களில் பலர் ஐம்பதைப் பார்க்கவில்லை. என் மாமனார் நாற்பத்து நாலு வயதில் சிலம்பு கட்டிய காலோடு சாய்ந்தார். சிலம்பாயி கூப்பிட்டுக்கொண்டாள் என்று அத்தை இன்றும் சொல்கிறார். இதெல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் நான் அந்த வீட்டில் குடியிருக்கிறேன்.

சரி, சண்டைக்காக எழுதவில்லை. உங்கள் பிச்சைமணி பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா, கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எங்கள் லேப்பில் ரத்தம் கொடுத்தார். கெட்ட கொழுப்பு 338. மிஷின் கோளாறு என்று மறுபடி ஓட்டினேன், 341. வயது எழுபத்து மூன்று, இரண்டு காலிலும் தடம். தேனி டாக்டர் பயந்துபோய் இதயக் குழாய்களை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தேன். எங்கேயும் அடைப்பு இல்லை, சுண்ணாம்புப் படிவு இல்லை. வாலிபப் பையனின் குழாய் மாதிரி இருக்கிறது என்று டாக்டரே சொன்னாராம். பெரிய மாமா அதைக் கேட்டுவிட்டு, வருகிற வழியில் கறி எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

இது எப்படி முடியும் மதினி? எனக்கு இரண்டு நாளாக வேலையே ஓடவில்லை. ரிப்போர்ட் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

சிம்ரன்


ஹைதராபாத்
4.2.2025

அன்பு சிம்ரனுக்கு,

உன் கடிதத்தை லேப்பில் நின்றபடியே படித்தேன். போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்தார்களாம். நீ திட்டியதையெல்லாம் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு வாய் நீளம். அதைப் பிறகு பார்ப்போம், இப்போது பெரியப்பாவைப் பற்றிப் பேசு.

நம் வகையறாவில் ஓடுவது பரம்பரைக் கோளாறு. ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பைக் கல்லீரல் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். நம்மில் சிலருக்கு அந்த வழி பாதிதான் வேலை செய்கிறது. பிறந்ததிலிருந்தே கொழுப்பு ரத்தத்தில் நிற்கிறது, குதிகால் தசைநாரிலும் படிகிறது, இதயக் குழாயிலும் படிகிறது. பெரியப்பாவுக்குக் காலில் படிந்தது, இதயத்தில் படியவில்லை. ஏன்? ஆறு வருஷமாக நான் கட்டிக்கொண்டு மாரடிக்கும் கேள்வியே இதுதான் சிம்ரன், நம் வீட்டுக்குள்ளேயே அதற்கு ஓர் ஆள் இருந்திருக்கிறார்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று நான் சொன்னால் நீங்கள் எல்லாரும் கொட்டாவி விடுவீர்கள். கேள். ஒரு வேலையைச் செய்யச் சொல்லி ஜீன் செல்லுக்குள் சேதி அனுப்பும். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது மிகச் சின்ன இழை, சுமார் இருபத்திரண்டு எழுத்து நீளம். அது தானாக எதையும் உண்டாக்காது. போகிற சேதியைப் பிடித்து அமுக்கிவிடும். லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீர் திறந்துவிட்டாலும், நடுவில் ஒருவன் மடையை அடைத்தால் நம் வயலுக்கு வராதல்லவா, அந்த வேலைதான். இவற்றில் 33 என்று எண் போட்ட ஒன்று உண்டு. செல்லுக்குள் சேர்ந்த கொழுப்பை வெளியே தள்ளும் வழியை அடைப்பது அது. எலியிலும் குரங்கிலும் 33ஐ அடக்கிப் பார்த்திருக்கிறார்கள், நல்ல கொழுப்பு ஏறியிருக்கிறது. மனிதர் விஷயம் இன்னும் தெளிவாகவில்லை. பெரியப்பா உடம்பில் இந்த 33 பிறவியிலேயே குறைவாக இருந்தால்?

எங்கள் தலைமை விஞ்ஞானி, ஒரு கிழவரை வைத்துக்கொண்டு குதிக்காதே என்கிறார். அதனால் தடம் இருக்கும் எல்லாருடைய ரத்தமும் வேண்டும். பங்குனிப் பொங்கலுக்குத் திருப்பூர், சென்னை என்று போனவர்கள் எல்லாரும் வருவார்கள், அப்போது எடுத்துவிடலாம். அனுமதி, ஒப்புதல் கையெழுத்து எல்லாம் நான் முறைப்படி ஏற்பாடு செய்கிறேன். டிரை ஐஸ் போட்ட பெட்டி வரும். அதன் மேலுறையில் என் கடிதம் இருக்கும், நீயும் அதிலேயே வைத்து அனுப்பு. முதலில் பெரியப்பாவின் ரத்தம் கொஞ்சம் அனுப்பு, பெட்டி ஒழுங்காக வந்து சேருகிறதா என்று பார்க்கிறேன்.

தம்பி வினோத்துக்கு முப்பத்து ஒன்று ஆகிறது. அவன் ரத்தம் எனக்கு எப்படியாவது வேண்டும். அப்பா போன வயதுக்கு இன்னும் ரொம்ப தூரம் இல்லை.

முனீஸ்வரி


உத்தமபாளையம்
10.3.2025

அன்புள்ள மதினிக்கு,

பெரிய மாமாவின் ரத்தத்தில் தெளிந்து நிற்க வேண்டிய நீரும் சிவந்து வந்துவிட்டது, உடைந்த சிவப்பணுக்கள் தங்களுடைய மைக்ரோ ஆர்.என்.ஏ.வையெல்லாம் கொட்டிக் கணக்கைக் கெடுத்துவிட்டன, கத்துக்குட்டிகூட இப்படி அனுப்பமாட்டாள் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். எங்கள் லேப்பில் சர்க்கரையும் உப்பும் பார்க்கிறோம். ரத்தத்தை எடுத்த உடனே பிரித்து, தெளிந்த நீரை மட்டும் உறைய வைத்து அனுப்பச் சொல்லி முதலிலேயே எழுதியிருந்தால் நான் ஏன் முழு ரத்தத்தை மதுரை பஸ்ஸில் ஏற்றிக் குலுக்கி அனுப்புகிறேன்? பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மற்றவர்களுக்கும் அதெல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. இனிமேல் இங்கேயே பிரித்துவிடுகிறேன்.

உங்கள் கடிதம் ஒன்றை உங்கள் தம்பி பார்த்துவிட்டார். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தவில்லை. திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிக்கொண்டே பெரிய மாமா விஷயத்தைத் துருவித் துருவிக் கேட்டார். மடை உதாரணம் உடனே பிடிபட்டுவிட்டது. பிறகு கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்த 33 பெரியப்பாவுக்கு இருக்கிற அளவே எனக்கும் இருந்தா ஆத்தா என்னைய விட்டுவச்சிருக்கான்னு அர்த்தம். மாத்திரை வேணாம். சுருளிவேல் அண்ணனுக்கு இருக்கிற மாதிரி இருந்தா திங்கிறேன். இது சிலம்பு மேல சத்தியம். உன் மதினிக்கு எழுதிப் போடு."

சுருளிவேல் அத்தான் உங்களுக்குத் தெரியும். தடக்காரர், போன வருஷம் மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

மாத்திரையைப் பற்றி டாக்டர் பேசினாலே எழுந்து போய்விடுகிற மனுஷர் இவ்வளவு இறங்கி வந்திருக்கிறார். தடம் தேய்ந்தால் சிலம்பு காலை விட்டுப் போய்விடும் என்பதுதான் அவர் பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியதே உங்கள் வாய்தான். ஆனாலும் எனக்கு இந்தப் பந்தயம் பிடிக்கவில்லை மதினி. 33 எப்படி இருந்தாலும், டாக்டர் எடுத்த பரிசோதனையில் 340 கொழுப்பு வந்தவர் மாத்திரை தின்ன வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

சிம்ரன்


ஹைதராபாத்
15.3.2025

சிம்ரன்,

ஒத்துக்கொள்கிறேன் என்று சொல். உடனே சொல், மனம் மாறிவிடப் போகிறான்.

நீ கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் பெரியப்பா மாதிரி நூற்றில் ஒருவர் இருந்தால் பெரிது. வினோத்துக்கு அப்பாவின் சாடை, அப்பாவின் கோபம், அப்பாவின் கால். அவன் அளவு ஏறித்தான் இருக்கும், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு மாத்திரை தின்பான். இவ்வளவு சுலபமாக ஒரு வழி கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பெட்டி வருகிறது. வீட்டில் நான் விசாரித்ததாகச் சொல். வேண்டாம், சொல்லாதே.

முனீஸ்வரி


உத்தமபாளையம்
9.4.2025

அன்புள்ள மதினிக்கு,

பெட்டியை அனுப்பிவிட்டேன். இந்த முறை ஒரு டியூப் சிவந்திருந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். அந்தப் பெயரை வைத்த எங்கள் அப்பாவும் சந்தோஷப்படுவார், ஊரெல்லாம் கேலி தாங்கவில்லை.

திருவிழாவுக்கு வந்த தடக்காரர்கள் எல்லாரும் ரத்தம் கொடுத்தார்கள். நான் பயந்த மாதிரி யாரும் முறைக்கவில்லை. பிச்சைமணி மாமா முதல் ஆளாகக் கையை நீட்டுவதாகச் சொன்னதும் வரிசை கட்டிவிட்டார்கள். திருப்பூரிலிருந்து வந்த பிள்ளைகள் வீடியோ எடுத்தார்கள். ஊசி குத்தும்போது ஒருவர் மயங்கிவிழ, அவர் மேல் தீர்த்தம் தெளிக்க, ஒரே கூத்து.

உங்கள் தம்பி காப்புக் கட்டிக் கோயில் மண்டபத்திலேயே தங்கியிருந்தார். காப்புக் கட்டியவரைப் பெண்டாட்டி தொடக் கூடாது. அதனால் அவரிடமும் அங்கே இருந்த பெரியவர்களிடமும் எடுத்துவர எங்கள் லேப் அழகரை அனுப்பினேன். அவன் காமயகவுண்டன்பட்டிக்காரன்தான், முறை தெரிந்தவன். நான் வெளியே வேப்பமரத்தடியில் மிஷினை வைத்துக்கொண்டு, அவன் கொண்டுவரக் கொண்டுவரப் பிரித்தேன். 'வினோத்ராஜ்' என்று அழகர் எழுதியிருந்த டியூப்பைக் கையில் வாங்கியபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சிரிக்காதீர்கள்.

அத்தை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பெட்டியை ஒட்டும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

சிம்ரன்


ஹைதராபாத்
20.5.2025

சிம்ரன், சிம்ரன்,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் பெரியப்பா. அவர் ரத்தத்தில் 33 குறைவு. கொஞ்சநஞ்சம் இல்லை, மற்ற தடக்காரர்களின் அளவில் கால்வாசிகூட இல்லை. நினைத்த மாதிரியே. நினைத்த மாதிரியே வருவது இந்தத் தொழிலில் எவ்வளவு அபூர்வம் என்று உனக்கு எப்படிச் சொல்வேன். சுருளிவேல் அண்ணனுக்கு ஏறியிருக்கிறது. மற்றவர்களுக்கும் ஏறித்தான் இருக்கிறது.

ஒருவரைத் தவிர. வினோத்துக்கு ஏறவில்லை. அவனுக்கும் குறைவு. பெரியப்பாவுக்கு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவே. நான் என்ன எழுதினேன், அவன் அப்பா மாதிரிதான் இருப்பான் என்று எழுதினேன் இல்லையா? தப்பு, தப்பு, தப்பு. என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் தப்பாகச் சொன்னதில்லை.

அப்பா செத்தபோது எனக்குப் பதினேழு வயது. அன்றிலிருந்து வினோத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும், இன்னும் இத்தனை வருஷம் என்று. இன்று அது ஓடவில்லை. கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இன்னும் சில சோதனைகள் பாக்கி இருக்கின்றன. ஆனால் அவனிடம் சொல்லிவிடு. பந்தயத்தில் அவன் ஜெயித்துவிட்டான். தோற்ற அக்கா தோசையும் கறியும் வாங்கித் தருவாள், அவன் பேசினால்.

முனீஸ்வரி


உத்தமபாளையம்
27.5.2025

அன்புள்ள மதினிக்கு,

சொல்லிவிட்டேன். தெருவுக்கே பன்னீர் திராட்சை கொடுத்தார். கோயிலுக்கு மாலை வாங்கிப் போனார். பெரிய மாமாவைக் கட்டிப்பிடித்து, "எனக்கும் ஒங்க அளவுதானாம் பெரியப்பா" என்று கத்தினார். பெரிய மாமா மட்டும் ஏனோ ஒரு மாதிரி சிரித்தார், தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அத்தை அடுப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார்.

எனக்கும் சந்தோஷம்தான். அன்று இரண்டு தடவை பாயசம் குடித்தேன். ஆனால் முந்தாநாள் தோட்டத்தில் மருந்தடிக்கும்போது டேங்கை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு வெயில் என்றார். மறுநாள் வெயிலே இல்லை, மறுபடியும் உட்கார்ந்தார்.

கொழுப்பு வெளியே போகும் வழி திறந்திருப்பவருக்குத் தோள் ஏன் வலிக்கிறது மதினி? ஸ்கேன் எடுக்கலாம் என்றால், உன் மதினியே சொல்லியாச்சு என்கிறார். உங்கள் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

சிம்ரன்


ஹைதராபாத்
6.6.2025

சிம்ரன்,

பொறுமையாக எழுத முயற்சி செய்கிறேன்.

மிச்சம் இருந்த சோதனைகளில் ஒன்று, ஒவ்வொருவரின் ஜீன் அடையாளத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்று அதில் தெரிந்துவிடும். பெரியப்பாவும் தம்பி மகனும் ஓரளவு ஒத்துப்போக வேண்டும். இந்த இரண்டு டியூப்பும் ஓரளவு ஒத்துப்போகவில்லை, ஒன்றாகவே இருக்கின்றன. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களுக்குத்தான் இப்படி வரும். மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

பெரியப்பா பெயரில் வந்ததும் வினோத் பெயரில் வந்ததும் ஒரே ஆளின் ரத்தம். குழாய்கள் சுத்தமாக இருக்கும் ஒரு கிழவரின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு என் தம்பிக்கு மாத்திரை வேண்டாம் என்று நான் எழுதியிருக்கிறேன். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

என்ன நடந்தது? உன்னையா, அழகரையா, யாரைக் கேட்பது? அந்தக் கடிதத்தை அவனிடமிருந்து வாங்கிக் கிழித்துப் போடு. நாளைக்கே தேனிக்குக் கூட்டிக்கொண்டு போ.

முனீஸ்வரி


உத்தமபாளையம்
14.6.2025

அன்புள்ள மதினிக்கு,

கடிதம் வந்த அன்றே அழகரைப் பிடித்து உலுக்கினேன். கொஞ்சம்கூடப் பயமில்லாமல் சொன்னான், "ஆமாக்கா, பெருசு ரெண்டு டியூப்பும் எங்கையிலயே எடுலேன்னாரு, எடுத்தேன். காப்புக் கட்டுன ஆளு ஒடம்புல எப்படி ஊசி குத்த? ரத்தம் சிந்தக் கூடாதுல்ல." நான் இதை யோசிக்கவே இல்லை மதினி. நான் தொடக் கூடாது என்பது வரை நினைத்தேன். ஊசியே கூடாது என்று நினைக்கவில்லை.

உங்களுக்கு நம் ஊர் முறை மறந்திருக்காது. பூக்குழி இறங்க வேண்டியவருக்குக் காய்ச்சல் வந்தால் பங்காளி ஒருவர் அவர் பெயரைச் சொல்லி இறங்குவார், நேர்த்திக்கடன் தீர்ந்துவிடும். யாரும் அதை ஏமாற்று என்று சொல்வதில்லை. ரத்தத்துக்கும் அதேதான் என்று நினைத்துவிட்டார்கள். உங்கள் தம்பிக்கும் தெரியும். அவரும் சரி என்றே நினைத்திருக்கிறார். பெரியப்பா என் பெயரைச் சொல்லிக் கொடுத்தால் அது என் ரத்தம்தானே என்று என்னையே கேட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அத்தைதான் பெரிய மாமாவைக் கேட்டுக்கொண்டாராம். காப்பு ஒரு காரணம், அது மட்டும் இல்லை. என்ன வருமோ என்ற பயம். பெரிய மாமாவிடம் போய் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அழுதேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "அவன் ரத்தத்துல கெட்டது இருந்தா எம்பேருக்கு வரட்டும்னு குடுத்தேன் ஆத்தா. எங்கிட்ட இருக்கிற நல்லது அவன் பேருக்குப் போவும்னு எனக்கு எப்படித் தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை அவர் பையிலிருந்து எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. அவரே கையை நீட்டினார். கட்டி இத்தனை வருஷத்தில் அவருக்கு நான் ஊசி குத்தியதில்லை. ஊரில் எத்தனை பேருக்குக் குத்தியிருக்கிறேன், அன்றைக்கு நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்தான், "ம், குத்து" என்றார்.

இந்தப் பெட்டியில் இருப்பது அவருடையது. என் கண்ணால் பார்த்து, என் கையால் எடுத்தது. ஸ்கேனுக்குத் தேனியில் நாள் வாங்கியிருக்கிறேன்.

சிம்ரன்


ஹைதராபாத்
5.7.2025

அன்பு சிம்ரனுக்கு,

வினோத்துக்கு 33 ஏறியிருக்கிறது. சுருளிவேல் அண்ணனைவிடக் கொஞ்சம் அதிகம்.

இதை அவனிடம் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல். 33 குறைவாக இருந்திருந்தாலும் அவன் மாத்திரை தின்றிருக்க வேண்டும். நீ மார்ச்சிலேயே கேட்டாய், நான் காதில் வாங்கவில்லை. இது இன்னும் ஆராய்ச்சிதான். எந்த டாக்டரும் இந்த எண்ணைப் பார்த்து மருந்து கொடுப்பதோ நிறுத்துவதோ இல்லை. எனக்கு அது தெரியும், தெரிந்தும் பந்தயம் கட்டினேன். ஜெயித்துவிடுவேன் என்ற துடிப்புதான் காரணம். என் தம்பி உயிரை வைத்து நான் சூதாடியிருக்கக் கூடாது.

ஒன்றை மறைக்காதே. மாத்திரை தின்றால் தடம் தேயும். உடனே இல்லை, வருஷக் கணக்காகும். ஆனால் தேயும். அது தெரிந்தே அவன் சம்மதிக்கட்டும். சத்தியத்தைக் காட்டிக் கழுத்தைப் பிடிக்காதே.

இப்போது உன்னைச் சிரிக்க வைக்கிறேன். பெரியப்பாவின் அளவு ஒரே ஒரு டியூப்பில் வந்தது, அது தற்செயலாக இருக்கலாம் என்று எங்கள் தலைமை விஞ்ஞானி முறுக்கிக்கொண்டே இருந்தார். ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு பெயரில், யாருக்கும் தெரியாமல் சோதித்துப் பார்த்தால் ஒழிய நம்பமாட்டேன் என்றார். அழகர் அதைத்தான் செய்து அனுப்பியிருக்கிறான். இரண்டு பெயரில் ஒரே அளவு. அவரே ஒத்துக்கொண்டுவிட்டார். பெரியப்பா ஜீனில் எந்த இடம் மாறியிருக்கிறது என்று இப்போது மூன்று பேர் தேடுகிறோம். அந்த மனுஷனிடமிருந்து நாளைக்கு எத்தனை பேருக்கு மருந்து கிடைக்குமோ, நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஸ்கேன் என்ன ஆயிற்று? எழுது. எழுது.

முனீஸ்வரி


உத்தமபாளையம்
6.8.2025

அன்புள்ள மதினிக்கு,

ஸ்கேனில் ஒரு குழாய் பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது, இன்னொன்றில் தொடங்கியிருக்கிறது. இப்போதைக்கு மாத்திரையும் கட்டுப்பாடும் போதும், ஆனால் இன்றே தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மாத்திரையை வாங்கி வந்தார். தின்னவில்லை. சத்தியம் செய்தேன் தின்பேன், ஆனால் வகையறாவில் சொல்லிவிட்டுத் தின்பேன் என்று பிடிவாதம். ஆடிப் பெருக்கு அன்று கூட்டம் போட்டார்கள். அது வரைக்கும் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று கேட்காதீர்கள்.

கூட்டத்தில் எதிர்பார்த்ததுதான் நடந்தது. தடத்தை மாத்திரை போட்டு அழிக்கிறவன் காலில் சிலம்பு ஏறாது என்று இரண்டு மூன்று பேர் ஒரே பிடியாக நின்றார்கள். உங்கள் தம்பி சிலம்பைக் கழற்றி வைக்க எழுந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும்.

அப்போது பிச்சைமணி மாமா வேட்டியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

"அன்னைக்கு அவன் பேருக்கு நான் ரத்தம் குடுத்தப்ப ஒருத்தரும் வாயத் தொறக்கல. பங்காளிக்குப் பங்காளி நிக்கலாம்னு ஒத்துக்கிட்டீக. இன்னைக்கு அவன் காலுக்கு எங்காலு நிக்கிது. தடம் எங்கிட்ட இருக்கு, சிலம்ப அவன் கட்டட்டும்."

யாரோ, நீங்க போய்ட்டா என்ன செய்வது என்றார்கள். மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார். "இந்த வகையறால கெழவனா ஆன தடக்காரன் நான் ஒருத்தன்தான். எஞ்சோட்டுக்காரன் ஒருத்தனும் இங்கன இல்ல. இவனுகளையாச்சும் கெழவனாக விடுங்கப்பா" என்றார்.

மதினி, அவர் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. எதிர்த்து நின்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். சுருளிவேல் அத்தான் எழுந்து வந்து, தன் பையிலிருந்த மாத்திரையை எடுத்து எல்லாருக்கும் முன்னால் விழுங்கினார். அவர் ஒளித்து வைத்துத் தின்றுகொண்டிருந்திருக்கிறார், அது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். உங்கள் தம்பி அங்கேயே தொடங்கினார். மறுநாள் காலையில் எங்கள் லேப் வாசலில் தடக்காரர்கள் நிற்கிறார்கள், எந்த டாக்டரிடம் போவது என்று கேட்டு. நான் ஆட்டோ பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

உங்கள் நம்பரைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். கூப்பிடவில்லை. எடுக்கிறார், வைக்கிறார். நீங்களே கூப்பிட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?

சிம்ரன்


ஹைதராபாத்
12.8.2025

சிம்ரன்,

கூப்பிட்டேன். எடுத்தான். "தோசையும் கறியும் வாங்கித் தர்றேன்னு எழுதுன" என்றான். "கறி இனிமே உனக்குக் கிடையாது" என்றேன். வைத்துவிட்டான். அரை மணி நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

பெரியப்பாவிடம் நான் அழுதேன் என்று சொல்.

முனீஸ்வரி


உத்தமபாளையம்
20.12.2025

அன்புள்ள மதினிக்கு,

நேற்று இரவுகூடப் போனில் பேசினோம். இருந்தாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

கொழுப்பு 340லிருந்து 146க்கு வந்திருக்கிறது, அது உங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் மருந்து டேங்கைத் தூக்கிக்கொண்டு இப்போது நடுவில் உட்காருவதில்லை. ஆனால் தினமும் காலையில் குனிந்து காலைப் பார்த்துக்கொள்கிறார், கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவருக்குத் தெரிகிறதாம்.

இன்று காலையில் அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இவர் போய் அவர் முன்னால் காலை நீட்டி, "தேயிதாம்மா?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு குதிகாலைப் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"தேயட்டும்டா," என்றார். "ஒங்கப்பா காலுல அது தேயவே இல்ல."

சிம்ரன்